அப்பா தூக்கத்தில் சொல்லும் ஒரு சொல்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடலோர ஊரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி, பதினோரு பக்கம். பெயர், ஊர், அப்பா இருந்த படைப்பிரிவு மூன்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 1983-ல், பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். தமிழ் தெரிந்த சிப்பாய் என்பதால் துப்பாக்கி தூக்குவதோடு இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. வீடு வீடாகச் சோதனை போடும்போது அதிகாரி இந்தியில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், வருகிற பதிலை இந்தியில் சொல்ல வேண்டும். ஹவில்தாராக ஓய்வுபெற்று இப்போது ஊரில் ஆடு வளர்க்கிறார். மண்பாதையில் ஓரமாக நடக்க மாட்டார். ஆவணி மாதம் வீட்டுக்குப் பின்னால் பனம்பழம் தொப்பென்று விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை. சில இரவுகளில் தூக்கத்தில் "அண்ணை, அண்ணை" என்று வாய் குழறுகிறார். அவருக்கு அண்ணன் கிடையாது.

ஆசிரியை இதை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆறு அத்தியாயம் முடிந்திருக்கிறது, முதல் இரண்டைக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். ஒரு பத்திரிகை ஆசிரியர், "போர் நாவல் என்கிறீர்கள், போரே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தம்பி, "நீ எழுதிக் கிழிச்சா அப்பா பென்ஷன் நின்னுபோகும்" என்று மிரட்டுகிறார். அப்பா ஒரே சம்பவத்தை மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார், எதை எழுதுவது என்பது அவருடைய முதல் கேள்வி. இறந்துபோன அம்மாவின் ட்ரங்கு பெட்டியில் கிடைத்த கடிதங்களை அப்பாவுக்குத் தெரியாமல் நாவலில் சேர்க்கலாமா என்பது இரண்டாவது. "முழுசா எழுதி அவர் கையில் கொடுத்தால் பாரம் இறங்கிக் குணமாகிவிடுவார் இல்லையா டாக்டர்?" என்பது கடைசி.

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் மனநல மருத்துவன், இலக்கிய விமர்சகன் இல்லை. ஆனால் இருபது வருடமாக இந்த மாவட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் எக்ஸ் சர்வீஸ்மேன் நிறையப் பேர். அவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள், எந்த இடத்தில் ஜோக் அடிப்பார்கள், எந்த இடத்தில் "இருங்க சார், டீ சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்து போவார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் பழக்கம். போர்க்கதை எழுதுகிறவர்கள் தேடுகிற உத்திகளில் பாதி அந்தப் பேச்சிலேயே கிடக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்.

மூன்றில் எது நிஜம்?

நீங்கள் கல்லூரியில் படிக்கும்போது அப்பா சொன்னது: கை கட்டப்பட்ட ஒரு பையன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான், தன் பாட்டிலிலிருந்து கொடுத்தேன். தம்பி கல்யாணத்துக்கு முந்தின இரவு, கொஞ்சம் குடித்திருந்தபோது தம்பியிடம் சொன்னது: கேட்டான், கொடுக்கவில்லை, சாப், அதாவது அதிகாரி, பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் எப்போதோ சொன்னது: பையனே இல்லை, ஒரு கிழவி. கிணறும் இல்லை, பனையோலை வேலி. "அப்பா எங்களை ஏமாற்றுகிறாரா?" என்று கேட்கிறீர்கள்.

இல்லை. உயிர்பயத்தில் பதிகிற நினைவு கல்யாண வீடியோ மாதிரி மாலை மாற்றுவதில் தொடங்கிப் பந்தியில் முடிவதில்லை. ஒரு வாசனை, ஒரு சத்தம், யாரோ ஒருவருடைய கை என்று ஒன்றிரண்டு மட்டும் அச்சடித்த மாதிரி நிற்கும். எது முன்னால், எது பின்னால் என்பது கலைந்துபோயிருக்கும். அது போக, எந்த நினைவையும் நாம் பெட்டியிலிருந்து அப்படியே எடுப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டித்தான் எடுக்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதும் அந்தக் கட்டுமானத்தில் சேர்ந்துவிடும். மகளுக்கு முன்னால் தண்ணீர் கொடுத்த அப்பாவாக இருக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இதில் நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் தாண்டிப்போன ஒன்று இருக்கிறது. மூன்று கதையிலும் ஆள் மாறுகிறது, இடம் மாறுகிறது, தண்ணீர் வருகிறது, போகிறது. ஆனால் மூன்றும் ஒரே பேச்சில்தான் முடிகின்றன. "என்ன சொல்றாங்கன்னு சாப் கேட்டாரு. ஒண்ணும் சொல்லலை சாப்னு சொன்னேன்." மூன்று இடத்திலும் அதை நான் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். அதுதான் பந்தக்கால். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வேய்ந்த ஓலை.

யோசித்துப் பாருங்கள். அங்கே அவருடைய வேலையே அடுத்தவர் சொன்னதைச் சொல்வது. அந்த ஒரு தடவை அவர் சொல்லவில்லை. காப்பாற்றுவதற்காக மறைத்தாரா, பயத்தில் மறைத்தாரா, சொல்லியிருந்தால் அந்த ஆள் பிழைத்திருப்பாரா, செத்திருப்பாரா? அவருக்கே தெரியாமல் இருக்கலாம். சிப்பாய்களின் மனப்புண் எல்லாமே குண்டுச் சத்தத்தால் வருவதில்லை. ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் பேசியதையும் ஹோமரின் இலியட் காவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டிலும் வீரனை உடைத்தது பயம் மட்டுமில்லை, 'சரி' என்று அவன் நம்பியிருந்த ஒன்று கண்ணெதிரே மீறப்பட்டதும்தான் என்று கண்டார். அறக்காயம் என்று அதைச் சொல்லலாம். நம் புறப்பாடல்களில் கையறுநிலை என்றொரு துறை உண்டு, இறந்தவரை நினைத்துச் செயலற்று நிற்பதைப் பாடுவது. கை இருந்தும் அற்றுப்போன நிலை. உங்கள் அப்பாவுக்கு வாய் அற்றுப்போன நிலை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே எழுத்தாளராக நீங்கள் செய்யக்கூடியது, மூன்றையும் எழுதுவது. ஒன்றை இரண்டாம் அத்தியாயத்தில், ஒன்றை நடுவில், ஒன்றைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் மூன்று இடத்திலும் ஒரு எழுத்து மாறாமல் வரட்டும். வாசகர் முதல் தடவை சும்மா தாண்டிப்போவார், இரண்டாம் தடவை நின்று பார்ப்பார், மூன்றாம் தடவை அது வரப்போகிறது என்று பயப்படுவார். கதைசொல்லியை முழுசாக நம்ப முடியாமல் வைப்பது, காலத்தைக் கலைப்பது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது என்று இவற்றை உத்திகளாகப் பாடம் நடத்துகிறார்கள். உங்கள் வீட்டில் அவை திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள்தான் மூன்றையும் நேராக்கி ஒன்றாக்கப் பார்க்கிறீர்கள்.

போரே இல்லையே என்ற புகார்

யூடியூப்பில் பார்த்து இரண்டு சண்டைக் காட்சி சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூன்று பக்கத்துக்கு ரத்தம் ஓடினால் நாலாம் பக்கத்தில் வாசகருக்கு மரத்துப்போகும். மனித மனம் அப்படித்தான், என் தொழிலிலேயே பார்க்கிறேன்.

போரை எழுதப் போர்க்களம் தேவை என்ற எண்ணத்தை நம் பழைய ஆட்களே உடைத்துவிட்டார்கள். பாரி மகளிர் பாடிய புறநானூற்றின் 112-ஆம் பாட்டு உங்களுக்குப் பாடம் நடத்திய பாட்டாகவே இருக்கும். அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில் குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. ஐந்தே அடி. வாள் இல்லை, யானை இல்லை, ஒரு பிணம்கூட இல்லை. நிலவு மட்டும் அதே நிலவு. 'அற்றை'க்கும் 'இற்றை'க்கும் நடுவே இருக்கிற ஒரு மாத இடைவெளியில்தான் மொத்தப் போரும் நடந்திருக்கிறது, அதைப் பாடவே இல்லை. அடுத்த தடவை வகுப்பில் இதை நடத்தும்போது அந்த இடைவெளியைக் காட்டி நடத்திப் பாருங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

நெடுநல்வாடையின் கடைசியிலும் அப்படித்தான். நள்ளிரவில் அரசன் தூங்காமல், வாடைக் காற்றில் விளக்குச் சுடர் சாய்ந்து ஆட, பாசறையில் சிலரோடு நடந்து போகிறான். வேப்பிலை கட்டிய வேலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் முன்னால் போய்ப் புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சண்டை முடிந்த பிறகான இரவு அது. போரைப் பற்றிய பல நல்ல எழுத்துகள் இப்படி முந்தின நாளிலோ மறுநாளிலோதான் நிற்கின்றன.

அப்புறம், கைமாறும் பொருள். ரெமார்க் எழுதிய முதல் உலகப்போர் நாவலில் நல்ல தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வருகிறது. போட்டிருந்தவன் கால் போய்ச் சாகக் கிடக்கும்போதே கூட்டாளியின் கண் அதில் விழுகிறது. அவன் சாக, இவனுக்கு வருகிறது. இவனும் சாக, அடுத்தவனுக்கு. பூட்ஸ் மட்டும் நன்றாகவே இருக்கிறது. எத்தனை பேர் செத்தார்கள் என்று ஆசிரியர் எண்ணிச் சொல்லத் தேவையே இல்லாமல் போகிறது.

உங்களிடமும் ஒரு பூட்ஸ் இருக்கிறது டீச்சர். இரண்டாம் அத்தியாயத்தில், 'ஆட்டுக் கொட்டகை ஆணியில் ஒரு பழைய பச்சை வாட்டர் பாட்டில் தொங்கியது' என்று ஒரே வரியில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கடிதத்தின் ஏழாம் பக்கத்தில்தான் மிச்சத்தைச் சொல்கிறீர்கள். தாய் செத்த குட்டிக்கு அப்பா அந்தப் பாட்டிலில்தான் பால் ஊற்றிக் கொடுப்பார், வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். அதை நாவலில் கொண்டு வாருங்கள். குட்டி மூக்கால் முட்டுவது, அவர் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம், மூடிக்கு ஒரு சங்கிலி இருந்தால் அது ஆடுவது, எல்லாம் வரட்டும். கிணற்றடிப் பையனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை மட்டும் வாயால் சொல்லாதீர்கள். அகப்பாட்டில் உள்ளுறை என்று நீங்கள் நடத்துவதுதான் இதுவும். பூவையும் வண்டையும் சொல்லிவிட்டு, தலைவனைச் சொல்லாமல் விடுவது.

உங்கள் ஊரைவிட்டு நீங்கள் எங்கும் போகவும் தேவையில்லை. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம், அது அன்றைக்கு நம் ராமநாதபுரம் மாவட்டம், 'புயலிலே ஒரு தோணி'யில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசியாவை எழுதினார். அதில் கடல் கடந்து போனவர்களின் பேச்சிலும் நினைப்பிலும் மதுரைத் தெருக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். போர் ஓரிடத்தில், மனம் ஓரிடத்தில். உங்கள் அப்பா விஷயத்தில் அது தலைகீழ். உடம்பு இங்கே இருக்கிறது, மனம் கடலுக்கு அந்தப் பக்கம். அங்கும் பனை, இங்கும் பனை. அங்கும் ஓலை வேலி, இங்கும் ஓலை வேலி. தாய்மொழி பேசுகிற ஊருக்குள் அந்நியச் சிப்பாயாக நுழைந்த ஆள் அவர். இதைவிடப் பெரிய முரணை நீங்கள் கற்பனை செய்து சேர்க்க முடியாது.

இதை எழுதும்போது ஒரு கவனம் தேவை. சாகசக் கதையாக்கினாலும் தப்பு, அப்பாவைக் கழுவிச் சுத்தம் செய்தாலும் தப்பு. அமைதிப்படையில் சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். அந்தச் சண்டைகளில் ஈழத்துப் பொதுமக்களும் நிறையச் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரி, அது தப்பு என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை உங்கள் நாவல் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குத் திரும்பிய சிப்பாயை, "நம்மாளுகளையா சுட்டுட்டு வந்தே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரே, அந்தக் கேள்வியும் அதற்கு உங்கள் பாட்டி அவர் முகத்தில் கதவைச் சாத்தியதும் போதும்.

ஒரு விஷயம் எனக்கு வருத்தம். அதே வருடம் ஜூனில் மறுபடியும் அங்கே போர் தொடங்கி, அகதிகள் படகு படகாக ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கினார்கள். லீவில் வந்திருந்த அப்பா, அம்மா கட்டிக்கொடுத்த பழைய சேலை மூட்டையோடு அவர்களைப் பார்க்கப் போகிறார். உச்சிப்புளியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடித்துவிட்டு, மூட்டையைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். கடிதத்தில் இதற்கு நீங்கள் கொடுத்திருப்பது இரண்டு வரி. அனுப்பிய அத்தியாயங்களில் இதற்கு ஒரு சாடைகூட இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் நாவலின் நடு அத்தியாயம் அந்த டீக்கடை பெஞ்சுதான்.

ட்ரங்கு பெட்டிக் கடிதங்கள்

கடிதங்களைப் பார்த்து ஏமாந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். "நான் நலம். மழை பெய்ததா? வெள்ளாடு குட்டி போட்டதா? இங்கேயும் நம்ம ஊர் மாதிரிதான் பனையும் கிணறும்." இவ்வளவுதான், போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீச்சர், தேதியைப் பாருங்கள். வெள்ளாட்டை விசாரித்த அந்த இன்லேண்ட் கடிதம் 1987 அக்டோபர் நடுவில் எழுதியது. யாழ்ப்பாணத்துக்காக அமைதிப்படை சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாசகருக்குத் தேதி தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அந்த வெள்ளாட்டை அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு விளக்கமும் வேண்டாம்.

ஆனால் அவற்றைச் சேர்க்கலாமா என்பது வேறு கேள்வி. பெட்டியும் தாளும் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்தவை, எழுத்து அப்பாவுடையது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது என்று வக்கீல் நண்பர் சொன்னார். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி கடிதத்தின் வாசகத்துக்கு உரிமை எழுதியவருக்குத்தான், வாங்கியவருக்கு இல்லை. அப்பா இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் வரிக்கு வரி அச்சில் போட முடியாது. அந்தச் சாயலில் நீங்களே புதிதாகக் கடிதங்கள் எழுதிக்கொள்வது ஒரு வழி, அவரிடமே கேட்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நாளைக்கு யாரோ ஒருவர் ஆட்டுச் சந்தையில் "உங்க கடுதாசிய புஸ்தகத்துல படிச்சேன்ணே" என்று சொல்லி அவருக்குத் தெரியவருவது நன்றாக இருக்காது.

தம்பியின் பென்ஷன் பயத்துக்கு: மகள் கற்பனைக் கதை எழுதியதற்காக அப்பா பென்ஷன் நிற்காது. அலுவல் ரகசியச் சட்டம் யாருக்கும் பொருந்தும் என்பதால், படைப்பிரிவின் பெயர், முகாம் இருந்த இடம், சங்கேத விவரம் எதுவும் வேண்டாம். அந்த 'சாப்' யார் என்று அடையாளம் தெரிகிற மாதிரியும் எழுத வேண்டாம். இறந்தவரைப் பற்றி எழுதினாலும் அவர் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் தெரிந்தால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

படித்தால் குணமாகிவிடுவாரா?

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் தடுக்க வேண்டியிருக்கிறது. மனதில் உள்ளதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது சினிமா கொடுத்த நம்பிக்கை. அதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே அமர்வில் உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பிறகு ஆராய்ந்தபோது அது பெரிய பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. முந்நூறு பக்கத்தை ஒரு நாள் காலையில் அப்பா மடியில் வைப்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

நீங்கள் எழுதியதை வைத்துத் தூரத்திலிருந்து நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் சத்தத்துக்கு விழித்துக்கொள்வது, கனவு, சில இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது மூன்றும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் ஒரு மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். இதற்கென்றே படிப்படியான பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அறுபது தாண்டியவர்களுக்கும் பலன் தெரிகிறது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக் வழியாகப் போகலாம். இல்லாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. "மனசு டாக்டர்" என்றால் அவர் வரமாட்டார். "தூக்கம் வரலைன்னு காட்டுவோம்ப்பா" என்று சொல்லிக் கூப்பிடுங்கள், அதுவும் பொய்யில்லை. குடி கூடினாலோ, "போதும் தாயி, இருந்தது போதும்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ அன்றைக்கே அழைத்துவாருங்கள்.

கனவில் கத்தும்போது தோளைப் பிடித்து உலுக்குகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். கால்மாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போட்டு, "அப்பா, நான்தான், வீட்லதான் இருக்கோம்" என்று கூப்பிடுங்கள். அடி விழாமல் இருக்கும், அவருக்கும் விழித்ததும் கூச்சம் குறையும்.

நாவல் விஷயத்தை அவரிடம் சொல்வதும் அப்படித்தான், கொஞ்சம் தள்ளி நின்று. ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது, ஒரே ஒரு வாக்கியம்: "அப்பா, பட்டாளத்துக்குப் போன ஒரு ஆளைப் பத்திக் கதை எழுதுறேன்." அவர் மேலே கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்பார், கேட்காமலும் போகலாம். "வேணாம் தாயி" என்று சொல்லிவிட்டால்? அப்போது கிணற்றடியையும் கடிதங்களையும் அவர் காலம் வரைக்கும் பெட்டியில் வைத்துவிட்டு, உங்களுடையதை எழுதுங்கள். பனம்பழச் சத்தத்தில் அப்பாவோடு சேர்ந்து விழித்துக்கொண்ட மகள், பாட்டி சாத்திய கதவு, அம்மாவின் சேலை மூட்டை, இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போர்முனை பார்க்காத பெண் எழுதலாமா என்று ஓரிடத்தில் தயங்கியிருந்தீர்கள். முதல்நாள் தந்தையையும் அப்புறம் கணவனையும் போரில் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்தனுப்பிய தாயைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்ற சங்ககாலப் பெண்புலவர். அது போதாதா?

கடைசி அத்தியாயத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் முகாமில் அந்தப் பையன் இப்போது நரைத்த தலையோடு இருக்கிறான், அப்பாவைக் கண்டு கட்டிப்பிடித்து மன்னிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மகளாக உங்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு தேவை என்று புரிகிறது. ஆனால் அந்த மன்னிப்பு அவன் கொடுக்க வேண்டியது, அவன் வீட்டாரும் பட்டிருப்பார்கள். நீங்கள் அவனுக்குப் பதிலாகக் கொடுத்தால், அப்பா அன்றைக்குச் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். அவன் என்ன சொன்னான் என்பதை மாற்றிச் சொல்கிறீர்கள்.

மாற்றிச் சொல்வது என்றதும் ஞாபகம் வருகிறது. கடிதத்தில் அப்பா தூக்கத்தில் "அண்ணை" என்று குழறுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தின் நாலாம் பக்கத்தில் அதையே "அண்ணே" என்று திருத்தியிருக்கிறீர்கள். வாத்தியார் கை, சும்மா இருக்காது. நம் பக்கம் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அண்ணை என்று கூப்பிடுவது யாழ்ப்பாணத்தில். அப்பா வாய் குழறவில்லை டீச்சர், யாரையும் கூப்பிடவும் இல்லை. அவரை யாரோ அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பழையபடி 'ணை' போட்டுவிடுங்கள்.